எக்ஸ்போர்ட் போட்டதும் கோர் வோல்டேஜ் இறங்குவது ஏன்? திடீர் சுமையை மதர்போர்டு தாங்கும் விதம்

சேலம் அம்மாபேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் கேட்டதைச் சுருக்கித் தருகிறேன்.

"அண்ணா, என்னிடம் இன்டெல் ஐ7-12700, ஆரம்ப விலை பி660 போர்டு. எக்ஸ்போர்ட் போட்டதும் கோர் வோல்டேஜ் 1.28-லிருந்து 1.12-க்கு இறங்குகிறது. கடையில் கேட்டால் போர்டு வீக், பயாஸில் எல்எல்சியை (சுமையில் வோல்டேஜ் இறங்குவதைக் குறைக்கும் அமைப்பை) உச்சத்தில் வை என்கிறார்கள். மதியத்தில் கொஞ்ச நேரம் ஓடியதும் வேகம் பாதியாகிவிடுகிறது. ஏற்காட்டில் மச்சான் வீட்டில் இதே செட் இருக்கிறது, அங்கே இந்தத் தொல்லையே இல்லை. இன்னொன்று, கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது சிஸ்டம் சும்மா இருந்தால் ஒன்றும் ஆவதில்லை. எக்ஸ்போர்ட் ஓடினால் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. போர்டை மாற்றவா, எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளைப் பெட்டியை) மாற்றவா?"

தம்பி, போர்டை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீ சொன்ன மூன்றும் தனித்தனி விஷயங்கள். வோல்டேஜ் இறங்குவது பழுதே இல்லை, அப்படி இறங்க வேண்டும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். மதியத்தில் வேகம் குறைவது சூட்டின் வேலை. ரீஸ்டார்ட் ஆவதற்கு எஸ்எம்பிஎஸ்ஸையும் இன்வெர்ட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் கடையில் சொன்ன அந்த எல்எல்சி யோசனை உன் பிராசஸருக்கே கெடுதல் செய்யக்கூடியது. அது ஏன் என்று புரிய வேண்டுமானால், எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தும் கணத்தில் போர்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும். நான் பவர் சப்ளை வடிவமைப்பில் இருந்தவன், இப்போது சேலத்தில் போர்டு சர்வீஸ் செய்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு கணக்கு. உன் பிராசஸரின் அடிப்படை மின்சக்தி 65 வாட், டர்போ உச்சம் 180 வாட். 180 வாட் என்பது பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் பிராசஸர் அதை ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலான அழுத்தத்தில் கேட்கிறது. 180-ஐ 1.15-ஆல் வகுத்துப் பார், 150 ஆம்பியரைத் தாண்டும். வெறும் டெஸ்க்டாப் திரையைக் காட்டிக்கொண்டு இருக்கும்போது இதே சில்லுக்குச் சில ஆம்பியர் போதும். எக்ஸ்போர்ட் தொடங்கியதும் எல்லாக் கோர்களும் ஒன்றாக வேலையில் இறங்குகின்றன. சிலிக்கானுக்குள் இந்தத் தாவல் நானோ செகண்ட் கணக்கில் நடந்துவிடும். நானோ செகண்ட் என்பது ஒரு செகண்டின் நூறு கோடியில் ஒரு பங்கு.

இவ்வளவு ஆம்பியரையும் கொடுக்க வேண்டியது விஆர்எம், அதாவது 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு வேண்டிய அளவுக்கு இறக்கித் தரும் சுற்று. பிராசஸர் சாக்கெட்டுக்கு இடப்புறமும் மேலேயும் வரிசையாகச் சதுரச் சதுரமாக நிற்கிறதே, அந்தச் சோக்குகளும் (கம்பிச் சுருள்கள்), அவற்றின் பக்கத்தில் மின்சாரத்துக்கு வழியைத் திறந்து மூடும் சுவிட்சுகளான மாஸ்ஃபெட்டுகளும்தான் அது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எட்டு பின் கேபிள் வழியாக 12 வோல்ட் வருகிறது. அதில் நான்கு கம்பி 12 வோல்ட்டுக்கு, நான்கு கம்பி கிரவுண்டுக்கு. பிராசஸருக்கென்று தனி 12 வோல்ட் இணைப்பு கொடுக்கும் வழக்கம் 2000-ல் பென்டியம் 4-உடன் வந்தது. விஆர்எம் பல பேஸ்களாக, அதாவது ஒரே மாதிரியான பிரிவுகளாக இருக்கும். ஒவ்வொரு பேஸிலும் மேலே ஒரு மாஸ்ஃபெட், கீழே ஒன்று, பிறகு ஒரு சோக். மேல் மாஸ்ஃபெட் திறந்தால் 12 வோல்ட் சோக்குக்குள் பாயும். மூடியதும் கீழ் மாஸ்ஃபெட் திறந்து, சோக்கில் ஏற்கெனவே ஓடும் மின்னோட்டம் சுற்றிவர வழி விடும். இது செகண்டுக்கு ஐந்து லட்சம் முறை அளவில் நடக்கும். மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மேலே திறந்திருந்தால் 12 வோல்ட் சராசரியாக 1.2 வோல்ட் ஆகிவிடும். ஆறு பேஸ் இருந்தால் ஆறும் ஒரே சமயத்தில் திறக்காமல் முறை வைத்து அடுத்தடுத்துத் திறக்கும்.

இங்கேதான் முதல் சிக்கல். சோக்கின் பிறவிக் குணம் மின்னோட்ட மாற்றத்தை எதிர்ப்பது. பிராசஸர் நானோ செகண்டில் நூறு ஆம்பியர் கேட்கிறது, சோக் அதைத் தர மைக்ரோ செகண்டுகள் எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் மடங்கு இடைவெளி. இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் போர்டில் பாதி உறுப்புகள் இருக்கின்றன என்று சொன்னால்கூட மிகையாகாது.

சேலத்துக்காரர்களுக்கு இதைத் தண்ணீரை வைத்துச் சொல்லிவிடலாம். மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும், உலை கொதிக்கும்போது கை போவது அடுப்படிக் குடத்துக்குத்தான். குடம் குறைந்தால் மாடியில் இருக்கும் டேங்க், அது குறைந்தால் மாநகராட்சியின் மேல்நிலைத் தொட்டி, அதற்கும் பின்னால்தான் மேட்டூர்க் குழாய். பக்கத்தில் இருப்பது சிறியது, உடனே கிடைக்கும். தூரத்தில் இருப்பது பெரியது, வந்து சேர நேரம் ஆகும். ஒவ்வொன்றும் அடுத்தது வந்து சேரும் வரை தாக்குப்பிடித்தால் போதும்.

போர்டில் அந்த வரிசை இப்படிப் போகிறது. முதல் சில நானோ செகண்டுகளுக்குச் சில்லுக்குள்ளேயே செய்யப்பட்டிருக்கும் நுண்ணிய கெபாசிட்டர்கள் கைகொடுக்கும். அடுத்து, பிராசஸரைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தின் நடுவில் தெரியும் பொடிப் பொடியான பீங்கான் கெபாசிட்டர்கள். அதற்கடுத்து சாக்கெட்டின் நடுப்பகுதியிலும் போர்டின் பின்பக்கத்திலும் நெருக்கமாக ஒட்டியிருப்பவை. இவை பெரும்பாலும் 22 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். பிறகு சோக்குகளுக்குப் பக்கத்தில் உருளையாக நிற்கும் பாலிமர் கெபாசிட்டர்கள், ஒவ்வொன்றும் 560 அல்லது 820 மைக்ரோஃபாரட். இவை மைக்ரோ செகண்டுகளைச் சமாளிக்கும். அதற்குள் விஆர்எம் கன்ட்ரோலர் விழித்துக்கொண்டு சோக்குகளில் மின்னோட்டத்தை ஏற்றிவிடும். விஆர்எம்முக்கு முன்னால், 12 வோல்ட் பக்கத்திலும் ஒரு கெபாசிட்டர் வரிசை உண்டு, எஸ்எம்பிஎஸ் சுதாரிக்கும் வரை தாங்குவதற்கு.

இவற்றை ஏன் இத்தனை நெருக்கமாக வைக்கிறார்கள், ஓரமாக ஒரு பெரிய கெபாசிட்டர் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. எந்தக் கம்பிக்கும் கொஞ்சம் இண்டக்டன்ஸ் (சோக்கைப் போல மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம்) உண்டு, தோராயமாக ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நானோ ஹென்றி. அந்த ஒரு மில்லிமீட்டர் கம்பி வழியாக நூறு ஆம்பியரை நூறு நானோ செகண்டில் ஏற்றிப் பார். கம்பியின் இரு முனைக்கு நடுவே ஒரு வோல்ட் விழும். பிராசஸருக்குக் கொடுப்பதே ஒரு வோல்ட் சொச்சம்தான், அத்தனையும் வழியிலேயே போய்விடும்! அதனால்தான் எல்ஜிஏ 1700 சாக்கெட்டின் 1700 தொடுமுனைகளில் ஒரு பெரும் பகுதியை மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான வழிகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தால் இண்டக்டன்ஸ் அந்த அளவுக்குப் பங்கிடப்பட்டுக் குறையும். போர்டின் உள் அடுக்குகளில் முழுத் தாமிரத் தகடாகவே மின்சாரத்தைக் கொண்டுபோவதற்கும் காரணம் இதுதான்.

இந்த அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் வோல்டேஜ் ஒருமுறை தாழ்ந்து எழும். இத்துறையில் இவற்றை முதல் சரிவு, இரண்டாம் சரிவு, மூன்றாம் சரிவு என்பார்கள். முதல் சரிவு நானோ செகண்டுகளில் முடிந்துவிடும், பெரும்பாலும் அதுதான் ஆழமானது. மூன்றாவது விஆர்எம் தன் நிலைக்கு வருவதற்குள் ஏற்படுவது. நீ ஸ்கிரீனில் பார்க்கும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ எண்களில் இவற்றில் எதுவும் தெரியாது. அந்த மென்பொருள் சாதாரணமாக இரண்டு செகண்டுக்கு ஒருமுறைதான் அளவெடுக்கிறது. மல்டிமீட்டரும் காட்டாது. ஆசிலோஸ்கோப் வேண்டும், அதுவும் புரோபின் நீளமான கிரவுண்ட் கம்பியைக் கழற்றிவிட்டு, குட்டி ஸ்பிரிங்கை மாட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆக 1.28, 1.12 என்று நீ பார்த்த இரண்டு எண்ணும் எல்லாக் குலுக்கலும் அடங்கிய பிறகு நிற்கும் நிலைகள்.

கெபாசிட்டர்கள் எவ்வளவு தாங்கும் என்று ஒரு கணக்குப் போடலாம். மொத்தம் 3000 மைக்ரோஃபாரட் இருக்கிறது என்று வைத்துக்கொள். விஆர்எம் விழிக்க ஒரு மைக்ரோ செகண்ட் ஆகிறது, அதற்குள் 100 ஆம்பியர் போகிறது. இறங்குவது 33 மில்லிவோல்ட். அதோடு கெபாசிட்டர்களின் உள் மின்தடை எல்லாம் சேர்ந்து அரை மில்லி ஓம் என்றால், அதில் இன்னொரு 50 மில்லிவோல்ட் போகும். பழைய போர்டுகளில் இருந்த திரவ எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்தால் இந்த உள் மின்தடைதான் முதலில் ஏறும். 2000-களின் முதல் பாதியில் உலகம் முழுக்கத் தலை புடைத்த கெபாசிட்டர்களால் போர்டுகள் செத்தது நினைவிருக்கும். பாலிமர் வந்த பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

இனி விஆர்எம் எவ்வளவு வேகமாக எழும் என்று பார்ப்போம். நான் மிகவும் ரசிக்கும் இடம் இது. ஒரு சோக் 0.22 மைக்ரோ ஹென்றி என்று வைத்துக்கொள். மேல் மாஸ்ஃபெட் திறந்திருக்கும்போது அதன் ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் 1.1 வோல்ட். வித்தியாசம் கிட்டத்தட்ட 11 வோல்ட். அதைச் சோக்கின் அளவால் வகுத்தால் மைக்ரோ செகண்டுக்கு சுமார் 50 ஆம்பியர் ஏறும். ஆறு பேஸும் ஒன்றாகத் திறந்தால் கொள்கையளவில் மைக்ரோ செகண்டுக்கு 300 ஆம்பியர். எனவே கன்ட்ரோலர் கவனித்துவிட்டால் ஏற்றுவது கடினம் இல்லை. கவனிப்பதில்தான் தாமதம். பழைய கன்ட்ரோலர்கள் தங்கள் கடிகாரத்தின் அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்கும். இப்போது வருபவை வோல்டேஜ் சட்டென்று விழுவதைக் கண்டால் முறையெல்லாம் விட்டுவிட்டு எல்லாப் பேஸ்களையும் ஒரே சமயத்தில் திறந்துவிடும்.

அப்புறம், பிராசஸரும் கன்ட்ரோலரும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. இன்டெல்லில் அதற்கு மூன்று கம்பி உண்டு: கடிகாரம், தகவல், அலர்ட். சுமை இல்லாதபோது பிராசஸர் அதைத் தெரிவித்துவிடும், விஆர்எம் சில பேஸ்களை அணைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும். வேகத்தை ஏற்றப் போகும்போது முதலில் வோல்டேஜை உயர்த்தச் சொல்லும், வோல்டேஜ் வந்து சேர்ந்தது என்று தெரிந்த பிறகே கடிகார வேகத்தைக் கூட்டும். இறங்கும்போது வரிசை தலைகீழ்: வேகம் முதலில், வோல்டேஜ் பிறகு.

சரி, இப்போது எதிர்ப்பக்கம். எக்ஸ்போர்ட் முடிகிறது, அல்லது நடுவில் அடுத்த பிரேமுக்காகக் கோர்கள் ஒரு கணம் சும்மா இருக்கின்றன. 120 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்த பிராசஸர் சட்டென்று 20-க்கு வருகிறது. சோக்குகளில் 120 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதை இறக்க வேண்டும். இறக்குவதற்கு என்ன அழுத்தம் இருக்கிறது? பிராசஸர் பக்கத்தில் இருக்கும் அந்த 1.1 வோல்ட் மட்டும்தான். 11 வோல்ட்டை வைத்து ஏற்றினோம், 1.1 வோல்ட்டை வைத்து இறக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு வேகம். ஒரு பேஸுக்கு மைக்ரோ செகண்டுக்கு 5 ஆம்பியர், ஆறு பேஸுக்கு 30. நூறு ஆம்பியர் இறங்க மூன்று மைக்ரோ செகண்டுக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் வேண்டாத மின்னூட்டம் எல்லாம் கெபாசிட்டர்களுக்குள் போய்ச் சேரும். அதே 3000 மைக்ரோஃபாரட்டில் கணக்குப் போட்டால் 55 மில்லிவோல்ட் மேலே தூக்கும். கன்ட்ரோலர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் இதில் அதிகம் செய்வதற்கில்லை. சில கன்ட்ரோலர்கள் கீழ் மாஸ்ஃபெட்டையும் மூடி, அதன் உள் டயோடு வழியாக மின்னோட்டத்தை ஓடவிட்டு, இன்னொரு 0.7 வோல்ட் எதிர் அழுத்தம் சேர்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் முடியும்.

ஆக, சுமை வரும் கணத்தைவிடச் சுமை போகும் கணம்தான் போர்டுக்குச் சோதனை. இதைப் பிடித்துக்கொண்டால், நீ பார்த்த வோல்டேஜ் இறக்கத்தின் அர்த்தம் தானாகவே விளங்கும்.

பிராசஸருக்கு ஒரு கீழ் எல்லை உண்டு, அதற்குக் கீழே போனால் கணக்குத் தவறும். மேல் எல்லையும் உண்டு, அதைத் தாண்டினால் டிரான்சிஸ்டர்கள் தேயும். வோல்டேஜை எப்போதும் இரண்டுக்கும் நட்டநடுவில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். சுமை வரும்போது கீழே விழ பாதி இடம்தான் இருக்கிறது, சுமை போகும்போது மேலே எழவும் பாதி இடம்தான். இப்போது வேறு மாதிரி செய்து பார். சும்மா இருக்கும்போது மேல் எல்லைக்கு அருகில் வை. அடுத்து வரக்கூடியது சுமை ஏறுவது மட்டும்தான், அதனால் வோல்டேஜ் கீழேதான் போகும், அதற்கு முழு இடமும் இருக்கிறது. முழுச் சுமையில் கீழ் எல்லைக்கு அருகில் வை. அடுத்து வரக்கூடியது சுமை போவது மட்டும்தான், மேலே எழ முழு இடமும் இருக்கிறது. அதே கெபாசிட்டர்கள், அதே சோக்குகள், ஆனால் இருமடங்கு இடம். இதைத்தான் லோட்லைன் என்கிறார்கள். எத்தனை ஆம்பியருக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை மில்லி ஓமில் இன்டெல்லே குறிப்பிட்டுவிடுகிறது. உன் வகை 12-ம் தலைமுறை சில்லுகளுக்கு அது 1.1 மில்லி ஓம் வரை. 150 ஆம்பியருக்கு 165 மில்லிவோல்ட். நீ பார்த்தது 160. அதில் ஒரு பங்கு, எல்லாக் கோரும் ஓடும்போது வேகம் ஒற்றைக் கோர் உச்சமான 4.9 கிகாஹெர்ட்ஸைவிடக் குறைவாக இருப்பதாலும் வந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் உன் போர்டு தன் கடமையைச் செய்கிறது.

எல்எல்சியை உச்சத்தில் வைத்தால் இந்தச் சாய்வு கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், சுமையிலும் 1.28 என்றே காட்டும். ஆனால் சோக்கின் குணம் மாறவில்லை, கெபாசிட்டர் கூடவில்லை, கன்ட்ரோலரின் வேகமும் மாறவில்லை. நிற்கும் நிலையை மட்டும் மேலே தூக்கி வைத்திருக்கிறாய். முன்பு 1.12-லிருந்து எழுந்த குதிப்பு இனி 1.28-லிருந்து எழும். மேல் எல்லையைத் தாண்டும் குதிப்புக்கு விதியில் சலுகையே மிகக் குறைவு. கோர் 2 காலத்து இன்டெல் விதியில் அதிகபட்சம் 50 மில்லிவோல்ட், அதுவும் 25 மைக்ரோ செகண்டுக்குள் அடங்கிவிட வேண்டும் என்று இருந்தது. சூடும் கூடும். மின்சக்தி ஏறக்குறைய வோல்டேஜின் இருமடியாக ஏறுவதால், 1.12-க்குப் பதில் 1.28 என்றால் முப்பது சதவீதம் அதிகம். போதாததற்கு, சுமையில் வோல்டேஜ் இறங்கும் என்று எதிர்பார்த்துப் பிராசஸரே முன்கூட்டிக் கொஞ்சம் அதிகம் கேட்கும். பயாஸில் ஏசி லோட்லைன் என்று இருப்பது அதற்குத்தான். இறக்கத்தை எடுத்துவிட்டு இந்தக் கூடுதலை அப்படியே விட்டால் இரட்டிப்பு.

அதிக வோல்டேஜ் சில்லை எப்படித் தேய்க்கும் என்பதற்குச் சமீபத்திய சாட்சியும் உண்டு. 13, 14-ம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சில்லுகள் நிலையில்லாமல் போனபோது, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கப்பட்டதும் ஒரு காரணம் என்று இன்டெல் சொன்னது. 2024 ஆகஸ்ட்டில் வந்த மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் நிரலின் திருத்தம்) அந்தக் கோரிக்கையை 1.55 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது. உன்னுடையது 12-ம் தலைமுறை, அந்தப் பிரச்சினை உனக்கு இல்லை. எல்எல்சியால் அதை நீயே வரவழைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டோவிலேயே விட்டுவிடு. எப்போதாவது மாற்ற நேர்ந்தால் எண்ணை நம்பி மாற்றாதே: ஏசூஸில் பெரிய எண் தட்டையானது, எம்எஸ்ஐயிலும் ஏஸ்ராக்கிலும் 1 என்பதுதான் தட்டையானது. ஒருவர் சொன்ன லெவலை இன்னொரு கம்பெனிப் போர்டில் வைத்தால் நேர் எதிர் விளைவு வரும்.

இதில் பிராசஸரும் கைகட்டிக்கொண்டு இருப்பதில்லை. வோல்டேஜ் சட்டென்று சரிவதைக் கண்டறியும் சுற்றுகள் இன்றைய சில்லுகளில் உள்ளேயே இருக்கின்றன. சரிவு தெரிந்ததும் கடிகாரத் துடிப்பைக் கொஞ்சம் நீட்டிவிடும், மெதுவான துடிப்புக்குக் குறைந்த வோல்டேஜ் போதும் என்பதால் கணக்குத் தவறாது. ஏஎம்டி ரைசன்களில் இது நன்றாகத் தெரியும்: வேகம் அப்படியே இருப்பதாகக் காட்டும், ஆனால் பெஞ்ச்மார்க் எண் மட்டும் குறையும். ஸ்கைலேக் கால இன்டெல் சில்லுகளில் கனமான ஏவிஎக்ஸ் கட்டளைகள் (ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடுபவை) வந்தால், வோல்டேஜ் ஏறும் வரை பத்து மைக்ரோ செகண்ட் அளவுக்கு வேண்டுமென்றே மெதுவாக ஓடும். 2013-ல் ஹாஸ்வெல் என்ற சில்லுத் தலைமுறையில் இன்டெல் விஆர்எம்மின் ஒரு பகுதியைச் சில்லுக்குள்ளேயே வைத்துப் பார்த்தது. வெளியே 1.8 வோல்ட் அளவில் வாங்கி உள்ளே இறக்குவது. நல்ல யோசனைதான், ஆனால் சூடும் உள்ளேயே சேர்ந்தது. டெஸ்க்டாப்பில் ஸ்கைலேக் வந்தபோது அதைக் கைவிட்டார்கள்.

அடுத்து உன் மதிய வேகக் குறைவு. விஆர்எம்மின் திறன் 88 சதவீதம் என்று வைத்தால், 180 வாட் கொடுக்க 25 வாட் அங்கேயே சூடாகப் போகும். உன் போர்டில் மாஸ்ஃபெட்டுகளின் மேல் ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பார். ஆரம்ப விலை போர்டுகள் பலவற்றில் இருப்பதில்லை. சேலத்தில் ஏப்ரல், மே மதியத்தில் 40 டிகிரியைத் தொடும், மாடி அறையில், மூடிய கேபினெட்டுக்குள் இன்னும் அதிகம். மாஸ்ஃபெட் சூடாக ஆக அதன் உள் மின்தடையும் ஏறும், அதனால் இன்னும் சூடு. ஒரு அளவைத் தாண்டியதும் விஆர்எம் பிராசஸருக்கு அபாய சிக்னல் அனுப்பும், பிராசஸர் வேகத்தைப் பாதியாகவோ அதற்கும் கீழேயோ இறக்கிவிடும். நல்ல ஏற்பாடு அது, இல்லாவிட்டால் மாஸ்ஃபெட் வெந்துவிடும்.

மச்சான் வீட்டில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். காற்று சேலத்தைவிடப் பத்து சதவீதம் அளவுக்கு அடர்த்தி குறைவு, அந்த அளவுக்கு ஃபேன் குளிர்விப்பதும் குறையும். ஆனால் அறை வெப்பநிலையே பத்து டிகிரிக்கு மேல் குறைவாக இருப்பதால் அந்த இழப்பை ஈடுகட்டி மிச்சமும் இருக்கும். மச்சானிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று: மூடுபனி காலத்தில் ஜன்னலோரம் கேபினெட்டை வைக்க வேண்டாம். ஈரம் படிந்த தூசி போர்டின் நுண்ணிய தொடுமுனைகளை அரிக்கும்.

உனக்கு இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பயாஸில் நீண்டநேரப் பவர் லிமிட் என்ன என்று பார். பல போர்டுகள் அதை இன்டெல் சொன்ன 65-ல் வைக்காமல் கிட்டத்தட்ட எல்லையில்லாமல் திறந்துவிட்டிருக்கும். அதை 110 அல்லது 120 வாட்டில் நிறுத்து. எக்ஸ்போர்ட் நேரம் சற்றே கூடும், ஆனால் சூட்டில் திணறி பாதி வேகத்தில் ஓடுவதைவிட மொத்தத்தில் சீக்கிரம் முடியும். கேபினெட்டின் பின்பக்க மேல் ஃபேன் விஆர்எம் பக்கக் காற்றை வெளியே இழுக்கிறதா என்று பார். வாட்டர் கூலர் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டவர் கூலரின் ஃபேன் போகிற போக்கில் விஆர்எம் மேலும் கொஞ்சம் காற்று வீசும், வாட்டர் கூலரில் அது கிடையாது.

கடைசியாக ரீஸ்டார்ட். இதுவும் அதே வரிசையின் கதைதான், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரைப் பற்றியது. 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கிச் சேமித்து வைப்பது அது. 330 மைக்ரோஃபாரட், 380 வோல்ட் வரை ஏற்றியது, 300-க்கு இறங்கும் வரை எஸ்எம்பிஎஸ் ஓடும் என்று வைத்தால், கையிருப்பு சுமார் 9 ஜூல். சிஸ்டம் 60 வாட் எடுத்தால் இழப்பைக் கழிக்காமல் 150 மில்லி செகண்ட் தாங்கும். 300 வாட் எடுத்தால் 30 மில்லி செகண்ட். மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் 180 மைக்ரோஃபாரட் மட்டும் இருந்தால் 16 மில்லி செகண்டோடு முடிந்தது. சும்மா இருக்கும்போது தப்பித்து, எக்ஸ்போர்ட் ஓடும்போது மட்டும் விழுவதற்கு இந்த வகுத்தல்தான் காரணம். எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஏடிஎக்ஸ் என்ற தர வழிகாட்டுதல், முழுச் சுமையில் 16, 17 மில்லி செகண்ட் தாங்க வேண்டும் என்று கேட்டது, ஏடிஎக்ஸ் 3.0-ல் முழுச் சுமைக்கு 12, எண்பது சதவீதச் சுமைக்கு 17 என்று ஆனது.

இனி உன் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பார். யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் ஈகோ என்றோ வைட் என்றோ போட்டிருக்கும். நார்மலில் கைமாற 30, 40 மில்லி செகண்ட் வரைகூட எடுத்துக்கொள்ளும், விளக்குக்கும் ஃபேனுக்கும் அது போதும். யூபிஎஸ் நிலையில் அது 10, 15 மில்லி செகண்டுக்குள் வந்துவிடும். முதலில் அந்தச் சுவிட்சை மாற்று, பைசா செலவில்லை. அதற்குப் பிறகும் விழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்று. வாங்கும்போது ஆக்டிவ் பிஎஃப்சி உள்ளதாகப் பார்த்து வாங்கு. அது இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸில், மின்னழுத்தம் குறைவாக வரும் நேரத்தில் கெபாசிட்டரும் குறைவாகவே ஏறியிருக்கும், கையிருப்பு வோல்டேஜின் இருமடியில் குறையும். ஆக்டிவ் பிஎஃப்சி வெளியே எவ்வளவு வந்தாலும் உள்ளே 380 அளவுக்கு ஏற்றி வைத்துவிடும்.

எல்எல்சி ஆட்டோவில், பவர் லிமிட் குறைப்பு, இன்வெர்ட்டர் சுவிட்ச் என்ற இந்த மூன்றையும் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார். மறுபடி தானாக அணைந்தால் விண்டோஸ் ஈவன்ட் வியூவரைத் திற. கெர்னல்-பவர் 41 மட்டும் இருந்தால் மின்சாரம் வெட்டுப்பட்டதற்கான வாய்ப்பு அதிகம், எஸ்எம்பிஎஸ், எட்டு பின் கேபிள், இன்வெர்ட்டர் என்ற வரிசையில் தேடு. அந்த எட்டு பின் கனெக்டர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, பின்களில் கருகல் இருக்கிறதா என்றும் பார். அதோடு வீயா-லாகர் (WHEA-Logger) 18 அல்லது 19 சேர்ந்து வந்தால் பிராசஸரே பிழையைக் கண்டு பதிந்திருக்கிறது என்று பொருள். அப்போது பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பையும் நிறுத்திப் பார்த்துவிட்டு, அந்தப் பதிவின் விவரத்தோடு எனக்கு எழுது.